புகார் ஏதுமில்லை

பெட்டிக்குள் கையை விட்டதும் உள்ளேயிருந்து ஏதோ சீறியது. குமாஸ்தா ஸ்டூலோடு சேர்ந்து பின்னால் சாய்ந்தார். ஸ்டூலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாம்பு," என்றார், முழங்கையைத் தடவிக்கொண்டே உள்ளே வந்து.

தட்டச்சு அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "புகார்ப் பெட்டியிலயா? தண்ணி வரலைன்னு சொல்ல வந்திருக்கும்."

அது குடிநீர் அலுவலகம். அவர் புகார்ப் பிரிவு. வேலையில் சேர்ந்த அன்று, "பெட்டி வெளிய இருக்கு, மாசா மாசம் திறந்து பாருங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தார். முன்வாசல் மரத்தில், சரிவான கூரையும் வட்டமான துவாரமுமாக ஒரு மரப்பெட்டி. புகாரைச் சுருட்டித்தான் போட வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதில் எழுத்து எதுவும் இல்லாதது பொறுக்காமல், தானே பெயிண்ட் வாங்கிவந்து 'புகார்ப் பெட்டி' என்று முத்து முத்தாக எழுதினார். முதல் மாதம் திறந்தார், காலி. இரண்டாம் மாதமும் காலி. மூன்றாம் மாதத்திலிருந்து நாற்காலியில் இருந்தபடியே 'புகார் ஏதுமில்லை' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பிவந்தார். இப்படியே பதினோரு வருடம். நாமாக இருந்தால் இரண்டாம் மாதமே எழுந்திருக்க மாட்டோம்.

அதுதான் வினையாகிவிட்டது. புகாரே இல்லாத கிளை என்று கேடயம் தரப் போகிறார்களாம். அதற்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் அம்மா வந்து பெட்டியைத் தானே திறந்து பார்ப்பாராம். இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் ஒருமுறை நாமே பார்த்துவிடுவோம் என்றுதான் இன்று கையை விட்டார். ஏதாவது கோளாறு என்றால் ஆளைத் தூக்கி எல்லைக் கிளையில் போட்டுவிடுவார்கள். அங்கே போனவர்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான் குடும்பத்தைப் பார்க்கிறார்கள்.

மத்தியானம் மனைவி பைனாகுலரோடு வந்தாள். ஞாயிறு தவறாமல் ஏரிக்கரையில் பறவை பார்ப்பவள். கணவனைவிடக் கொக்குகளின் குணம் அவளுக்கு அதிகம் தெரியும். மதில் ஓரமாக நின்று கால் மணி நேரம் பார்த்தாள்.

"பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல. பட்டாணிக் குருவி. முட்டை மேல உக்காந்துட்டா பொட்டைக் குருவி நகராது. யாராவது கையை விட்டா பாம்பு மாதிரி சீறும்."

"இவ்வளவுண்டு குருவியா என்னைத் தள்ளிவிட்டுச்சு?"

"நீங்களாத்தான் விழுந்தீங்க." பைனாகுலரை இறக்கினாள். "ஆனா உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு பெட்டியா? துவாரம் அளவெடுத்த மாதிரி இருக்கு. நாலஞ்சு நாள்ல குஞ்சு பொரியும். அப்புறம் ஒரு மூணு வாரம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது. தொல்லை குடுத்தா கூட்டை விட்டுட்டுப் போயிடும்."

"பன்னெண்டு நாள்ல அந்தம்மா வந்து திறப்பாங்களே."

"திறந்தா, நீங்க எல்லைக் கிளைக்குப் போக வேண்டாம். நானே அனுப்பி வெச்சிடுவேன்."

மறுநாள் குமாஸ்தா கடையில் ஒரு தகரப் பெட்டி வாங்கி, வாசல் கேட்டில் மாட்டினார். ஆய்வாளர் அம்மா இதைத் திறக்கட்டும். பழசாகத் தெரிய வேண்டுமென்று கொஞ்சம் சேற்றையும் பூசினார்.

சேறு பூசிய பெட்டியை ஆய்வாளர் அம்மாவுக்கு முன் ஊர் பார்த்துவிட்டது. சாயங்காலத்துக்குள் இருபத்துமூன்று புகார். அவற்றைச் சாப்பாட்டுப் பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மனைவி ஒவ்வொன்றாகப் படித்தாள். "எல்லாமே தண்ணி வரலைன்னுதான்."

"நம்ம வீட்டுலயுந்தான் வரல. நாம என்ன எழுதியா போடுறோம்?"

"போட்டேனே. இதோ, இந்த நீல மை என்னுதுதான்."

தகரப் பெட்டியைக் கழற்றினார். ஆனால் புகார் போட்டு ருசி கண்டவர்கள் சும்மா இருப்பார்களா? மரப்பெட்டியைத் தேடிப் போய்க் காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். பதறிப்போய், 'பாம்பு உண்டு, நெருங்காதீர்' என்று எழுதி மரத்தில் கட்டினார். அதுவும் முத்து முத்தாகத்தான்.

மேலாளர் அதைப் படித்துவிட்டுக் காரைவிட்டு இறங்க மறுத்தார். உள்ளே இருந்தபடியே போன் போட்டு, பாம்பு பிடிக்கிறவரை வரவழைத்தார். அவர் கோலும் சாக்குமாக வந்து நின்றார்.

குமாஸ்தா அவரை ஓரமாக அழைத்துப் போனார். "அண்ணே, உள்ள பாம்பு இல்ல."

"போர்டு?"

"நான்தான் எழுதினேன்."

"அப்ப உள்ள?"

"குருவிண்ணே."

பாம்பு பிடிக்கிறவர் கோலைச் சாக்குக்குள் வைத்தார். "இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். குருவி பிடிக்க இதுதான் முதல் தடவை கூப்பிடுறாங்க."

போகிற வழியில் டீக்கடையில் அவர் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். மறுநாள் பாம்பாகச் சீறும் குருவியைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. குஞ்சுகள் பொரிந்திருந்தன. தாயும் தகப்பனும் அலகில் புழுவோடு கிளையில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துத் தயங்கின. உள்ளே பசியில் கீச்சுக் கீச்சென்று சத்தம்.

குமாஸ்தா ஸ்டூலையும் குடையையும் எடுத்துவந்து மரத்தடியில் காவலுக்கு உட்கார்ந்தார். பக்கத்தில் வந்தவர்களையெல்லாம் குடையால் விரட்டினார். குருவிகள் இறங்கின. ஒன்று போனால் ஒன்று வந்தது. பார்க்கப் பார்க்க அவருக்குக் கை பரபரத்தது. எழுதியே பழகிய கை. உள்ளே போய், பதினோரு வருடமாக ஒரு எழுத்துகூட விழாத நோட்டு ஒன்றை எடுத்துவந்து குறித்துக்கொள்ளத் தொடங்கினார். வீட்டில் காட்டினால் சந்தோஷப்படுவாள்.

அது புகார்ப் பதிவேடு.

பன்னிரண்டாம் நாள் ஆய்வாளர் அம்மா நேராக அதைத்தான் கேட்டார். திறந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"காலை 9.04, புழு. 9.07, புழு. 9.09, பெரிய புழு." பக்கத்தைத் திருப்பினார். "ஒரே நாள்ல நூத்திப் பதினாலு புழு. குடிக்கிற தண்ணியில. இதுக்கா கேடயம்?"

மேலாளர் குமாஸ்தாவைப் பார்த்தார். தட்டச்சு அக்கா மேஜைக்கடியில் எதையோ தேடினார்.

"மேடம், கொஞ்சம் வெளிய வந்து பாத்துடுங்க," என்றார் குமாஸ்தா.

மரத்தடியில் எல்லாவற்றையும் சொன்னார். ஆய்வாளர் அம்மா கேட்டுக்கொண்டார்.

"பெட்டியைத் திறக்கணும்ங்கறது விதி. தள்ளுங்க."

குமாஸ்தா நகரவில்லை. பதினோரு வருடத்தில் அவர் எதற்கும் குறுக்கே நின்றதில்லை. "மேடம், நான் இதைத் திறந்தே பாக்காம எழுதினவன். என்னை எங்க வேணாலும் மாத்திடுங்க. பெட்டி மட்டும் இன்னும் பன்னெண்டு நாள் இங்கயே இருக்கட்டும். குஞ்சுங்களுக்கு இன்னும் ரெக்கை முளைக்கல."

அப்போது குருவி வந்தது. இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தது. கீச்சுச் சத்தம் பொங்கி அடங்கியது. ஆய்வாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"10.22," என்றார். "எழுதிக்கலையா?"

"மேடம்?"

"எத்தனை குஞ்சு?"

"சத்தத்தை வெச்சு ஆறு இருக்கும்னு வீட்ல சொல்றாங்க."

அவர் தாளை எடுத்து மரத்தில் வைத்தே எழுதினார். 'பெட்டி ஆய்வு செய்யப்பட்டது. கூடு உள்ளதால் காகிதத்துக்கு இடமில்லை. புகார் ஏதுமில்லை. கேடயத்துக்குப் பரிந்துரைக்கிறேன்.' கையெழுத்துப் போட்டார். குமாஸ்தா குடையால் முகத்தை மறைத்துக்கொண்டார், கண் கலங்கிவிட்டது.

மகள் பிரசவத்துக்காக ஒரு மாதம் லீவில் போயிருந்த தோட்டக்காரர் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தவர், பெட்டியைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"இந்த வருஷமும் வந்துடுச்சா? குருவிக்குன்னு நான் அடிச்சு மாட்டுன பெட்டிங்கம்மா இது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. சார் பெயிண்ட் எடுத்துட்டு வந்தப்ப, குருவி பேரைத்தான் எழுதுறாருன்னு நெனச்சேன். உங்க புகார்ப் பெட்டி பின்வாசல்ல இருக்குங்க. அது ரொம்பி வழியுதுன்னு நான்தான் அப்பப்ப அள்ளிக் கட்டி வெக்கிறேன், இப்ப ஒன்பதாவது மூட்டை ஓடுது."