கம்பளி, பூனை, மாமனார்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் முழங்கை மடிப்பைச் சொறியத்தான் கையைத் தூக்கினார். வண்டியைத் திருப்பச் சொல்கிறார் என்று நினைத்து, கார் பழக வந்த அம்மாள் வண்டியை நேரே ஒரு சலூன் வாசற்படியில் ஏற்றிவிட்டார்.

“நீங்கதானே சார் கை காட்டினீங்க?”

“அது கை காட்டினது இல்லம்மா. அரிப்பு.”

சின்ன வயதில் படுத்தி எடுத்துவிட்டுப் போன தோல் அழற்சி, நாற்பதைத் தாண்டிய பிறகு திரும்பி வந்திருந்தது. முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால், கழுத்து என்று பழைய விலாசம் எதையும் அது மறக்கவில்லை.

ஏதாவது ஒன்று தூண்டிவிட்டால்தான் இது கிளம்பும் என்று மாஸ்டருக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டார்.

“நம்ம வீட்டுக்குப் புதுசா என்ன வந்துச்சு?”

“எங்கப்பாதான் வந்தாரு, கம்பளியும் பூனையுமா” என்றாள் அவள், விளையாட்டாக.

அவர் சிரிக்கவில்லை.

முதலில் மாமனாரின் கம்பளி பரணுக்குப் போனது. அரிப்பு அசையவில்லை. வீட்டுத் துணி அத்தனையையும் வாசனைச் சோப்புத்தூளை இரண்டு மடங்கு போட்டுத் துவைத்தார். உடம்பு சிவக்கச் சிவக்க வெந்நீரில் குளித்தார். அரிப்பு முதுகுக்கும் பரவியது.

“மாமா, உங்க பூனை...”

“அதுக்கென்ன மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுல கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.” மாமனார் தாமே அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

பூனையின் முடி எங்கெங்கே ஒட்டியிருக்குமோ என்று திரைச்சீலை, மெத்தையுறை எல்லாம் மறுபடி சோப்புத்தூளில் ஊறின. வீடே கமகமத்தது. நடுவில் மாஸ்டர் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

மிச்சம் இருந்தது மாமனார்தான்.

“மாமா, உங்க பெரிய பொண்ணு வீட்டுல நல்ல காத்தோட்டமா...”

“நானே கேக்கணும்னு இருந்தேன் மாப்பிள்ளை” என்றார் அவர், முழுக்கக் கேட்காமலே.

கிளம்பும்போது பேத்தி ஓடி வந்தாள். அவளைத் தூக்காமல், தள்ளி நின்றே கையசைத்துவிட்டு டாக்ஸியில் ஏறினார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனார் போனார், அரிப்பு போகவில்லை. கடைசியில் மாஸ்டர் தோல் டாக்டரிடம் போனார்.

“கம்பளி, தூசி, வியர்வை, வெந்நீர், மனக்கவலை, எது வேணா இதைக் கிளப்பிவிடும். ஆளுக்கு ஆள் மாறும்” என்றார் டாக்டரம்மா. “துணிக்கு என்ன சோப்பு போடறீங்க?”

“புதுசா ஒரு தூள். நல்லா மணக்கும். இப்ப ரெண்டு மடங்கா...”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “முதல்ல அதை நிறுத்துங்க. வெந்நீரையும்தான்.”

“வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒட்டிக்குமா டாக்டர்?”

“இது ஒட்டுற வியாதியே இல்லீங்க.”

வாசனையில்லாத சோப்புக்கு மாறிய சில வாரங்களில் தோல் அடங்கிவிட்டது. மனசுதான் அரிக்க ஆரம்பித்தது. ஒன்றும் செய்யாத மனிதரை வீட்டைவிட்டுக் கிளப்பிவிட்டோமே என்று சாப்பாடு இறங்கவில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சகலைக்குப் போன் செய்தார்.

“சகலை, தப்பு என்னுதுதான். சும்மா இருந்தவர் மேல பழியப் போட்டுட்டேன். நானே வந்து கூட்டிட்டு வரேன். மாமா ரொம்பக் கோபமா இருக்காரா?”

“கோபமா? அங்க இருந்தப்ப அவருக்கும் உடம்பெல்லாம் அரிப்பாமே சகலை. தன்கிட்டருந்துதான் உங்களுக்கு ஒட்டிக்கிச்சு, இனி மாப்பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்னு இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்காரு.”