ஒன்பது பேர் சாப்பிட்ட கெங்கே

"...முதல் ஊசி போட்டுக்கொண்டவர்களில் இதுவரை ஒன்பது பேர் இறந்துவிட்டார்கள். அடுத்த அறிவிப்பு: கறுப்பு ஆடு ஒன்று காணவில்லை. காதில் வெள்ளைப் புள்ளி இருக்கும்."

கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி இப்படிச் சொன்னபோது எபோ எசுமன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரை தொண்டைக்குள் போய்விட்டது. இருமிக்கொண்டே சட்டையை மாட்டி ஓடினார்.

ஒலிபெருக்கியில் வாசித்த அந்தத் தாளை எழுதியவரே அவர்தான். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவர். ஊசிக்குப் பிறகு நேர்ந்த சாவுகள் ஒன்பது என்று முன்பக்கமும், அதற்கு என்ன அர்த்தம் என்று பின்பக்கமும் எழுதியிருந்தார். எக்ரோபோ ஊரில் சாவு, சடங்கு, காணாமல் போன ஆடு எல்லாவற்றையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கும் ஜோஜோவிடம் முந்தின நாள்தான் கொடுத்திருந்தார்.

"ஏன்டா தம்பி, தாளைத் திருப்பிப் பார்த்தியா?"

"எதுக்கு சார்? நீங்க ஒரு பக்கத்துக்குத்தானே காசு குடுத்தீங்க."

வருகிற செவ்வாய்க்கிழமை காய்ச்சலுக்கான இரண்டாவது தடுப்பூசி. செவ்வாயன்று ஊர் வழக்கப்படி எந்தப் படகும் கடலுக்குப் போகாது, ஊரே கரையில் இருக்கும் என்று பார்த்துப் பார்த்து வைத்த நாள். மருந்துக்குப் புதன்கிழமையோடு ஆயுள் முடிகிறது.

"ஆள் வரலேன்னா நான்தான் அத்தனையையும் குழியில போட்டுக் கொளுத்தணும்" என்று சொல்லியிருந்தார் ஊசி போடும் சிஸ்டர் க்வான்சா. "பக்கத்துல நின்னு பார்க்க நீங்களும் வரணும்."

போன வருஷம் இந்தக் காய்ச்சலில்தான் எபோவின் அண்ணன் போனார். அப்போது ஊருக்கு மருந்தே வரவில்லை. அண்ணனுக்குக் கிடைக்காத மருந்தைத் தன் கண்ணெதிரே கொளுத்துவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஜோஜோவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அன்பான எக்ரோபோ மக்களே! ஊசிக்கு அப்புறம் செத்தது வேற, ஊசியால செத்தது வேற. இந்த ஒன்பது பேர்ல கோபினா ஓட்டூ தென்னை மரத்துலேர்ந்து விழுந்தார். இன்னொருத்தர் மேல சிமென்ட் லாரி ஏறிடுச்சு. மத்தவங்க ரொம்ப வயசானவங்க, ஏற்கெனவே நோயாளிங்க. ஒவ்வொருத்தரையும் விசாரிச்சாச்சு. ஊசியால ஒருத்தரும் சாகல!"

நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினார். வழியில் மீன் புகைபோடும் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கேட்டியா? ஊசி போட்டா தலை சுத்துமாம். ஓட்டூ சின்ன வயசுலேர்ந்து மரம் ஏறுறவரு. என்னைக்காவது விழுந்தாரா?"

"அப்ப அந்த லாரி?"

"அந்த டிரைவரும் ஊசி போட்டிருப்பான்."

எபோ அங்கேயே நின்று யோசித்தார். வெறும் ஒன்பது என்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்தால்தான் அதன் அளவு தெரியும். இது கூடவா தனக்குத் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டு, மறுநாள் காலையில் மறுபடி மைக் பிடித்தார்.

"ஊசியே இல்லாத காலத்துலயும் இந்த வயசுக்காரங்கள்ல, இதே அளவு நாள்ல, சராசரியா பன்னிரண்டு பேர் இறந்திருக்காங்க. இப்ப ஒன்பதுதான். நீங்களே யோசிச்சுப் பாருங்க!"

ஊர் யோசித்துப் பார்த்தது. அன்று சாயங்காலம் எஜ்யா பாடு அவர் வீட்டுக்கு வந்தார். கரையில் வயதில் மூத்த மீனவர். சின்னவர் பெரியவர் எல்லோரும் 'எஜ்யா' என்று மரியாதையாகக் கூப்பிடும் மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எபோ, நீ பன்னிரண்டுன்னு சொன்னே. ஒன்பது ஆச்சு. அப்ப இன்னும் மூணு பாக்கி."

"எஜ்யா, அது அப்படி இல்ல..."

"அந்த மூணு யாரு யாருன்னு எனக்கு மட்டும் சொல்லிடு. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். என் பேரு இருந்தா வலையைப் பசங்களுக்குப் பங்கு பிரிச்சு வெச்சுடுவேன். பின்னாடி சண்டை வரக் கூடாது பாரு."

"யார் பேரும் இல்ல எஜ்யா. அது சராசரி."

"சராசரிங்கிறவன் யாரு? அவன்கிட்டயே கேட்டுக்கிறேன்."

எபோவுக்குத் தூக்கம் போயிற்று. சனிக்கிழமை காலை கெங்கேயைப் பிட்டு மீனோடு வாயில் போட்டபோதுதான் அந்த யோசனை வந்தது. புளித்த மக்காச்சோள மாவை வாழையிலையில் கட்டி அவித்த உருண்டை. எக்ரோபோவில் அதைத் தின்னாத வாய் கிடையாது. அதிலும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் ஆன்ட்டி அரபா கடைக் கெங்கேக்காகப் பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வருவார்கள். இதைவிட எளிமையாக எவன் விளக்க முடியும்? அரைச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார்.

"மக்களே! அந்த ஒன்பது பேரும் சாகுறதுக்கு முன்னாடி ஆன்ட்டி அரபா கடைக் கெங்கே சாப்பிட்டவங்க! அதுக்காகக் கெங்கேதான் கொன்னுச்சுன்னு சொல்லுவீங்களா?"

சொன்னார்கள்.

மத்தியானம் ஆன்ட்டி அரபா நிறைந்த கூடையோடு எபோவின் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கை. அவள் இடுப்பில் கை வைத்தால் கரையில் மீன் ஏலம்கூட நின்றுவிடும்.

"ஆபீசர், என் பானையில பாம்பு விழுந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"ஐயோ ஆன்ட்டி, நான் சொல்ல வந்தது வேற. ஊர்ல எல்லாரும் உங்க கெங்கே சாப்பிடறாங்க. அதனால சாகுறவங்களும் சாப்பிட்டிருப்பாங்க. அவ்வளவுதான்."

"இதை முதல்லயே இப்படிச் சொல்றதுக்கு என்ன? காலையிலேர்ந்து ஒரு உருண்டை போகல. என் சொந்தத் தங்கச்சி ரொட்டி வாங்கிட்டுப் போறா. என்னைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சுக்கிறா!"

"நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க."

"நாளைக்கு சர்ச் விட்டு வர்றப்ப, அத்தனை பேர் முன்னாடியும் நீங்க என் கெங்கே சாப்பிடணும். மூணு உருண்டை."

"மூணா? ரெண்டாவதே தாங்காதே..."

அவள் கை மறுபடி இடுப்புக்குப் போனது. எபோ தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஊரே வட்டம் கட்டி நின்றது. எபோ முதல் உருண்டையை ருசித்தும், இரண்டாவதை மரியாதைக்கும், மூன்றாவதை அண்ணனை நினைத்துக்கொண்டும் விழுங்கினார். கடைசி வாயில் மிளகாய் புரையேறியது. கண் பிதுங்க இருமினார். கூட்டம் நாலடி பின்வாங்கியது. யாரோ பாதிரியாரைக் கூப்பிட ஓடினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல!" என்று கையைத் தூக்கிக் கத்தினார் எபோ. "பாருங்க! நல்லா இருக்கேன்!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "நீங்க ஊசி போட்டவரா ஆபீசர்?"

"போட்டேனே. ஆஸ்பத்திரி ஆளுங்களுக்கு முதல்லயே ரெண்டும் போட்டாச்சு."

அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஆன்ட்டி அரபாவின் கை நின்றது. "அந்த ஒன்பது பேருக்கு?"

"அவங்களுக்கு ஒண்ணுதான். ரெண்டாவதுக்கு இனிமேதானே நாளு."

"அப்படியா" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை மைக் அருகில் போன எபோவைப் பார்த்ததும் ஜோஜோ கதவைச் சாத்தினான். "சார், நீங்க வாயைத் திறந்தா ஊர் நாறுது. எனக்கு இங்கதான் குடும்பம்."

சிஸ்டர் க்வான்சாவும் அதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னார். "இனிமே நீங்க பேசவே வேணாம். தயவுசெஞ்சு."

பேசக் கூடாது, சரி. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகையை இரவல் வாங்கி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ஊசி போட்டவர்கள் எத்தனை ஆயிரம், போடாதவர்கள் எத்தனை, எந்தப் பக்கம் காய்ச்சலில் எத்தனை சாவு என்று இரண்டு நிறச் சுண்ணக்கட்டியில் கட்டம் கட்டினார். தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. ஆனால் யாராவது வந்து படிப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

வரிசை கடற்கரை வரைக்கும் நீண்டிருந்தது. மீனவர்கள், புகைபோடும் பெண்கள், ஜோஜோ, அரபாவின் தங்கச்சி. பலர் கையில் கிண்ணம். நேரமாகும் என்று சாப்பாட்டோடு வந்திருக்கிறார்கள், எவ்வளவு பொறுப்பு என்று எபோ மெச்சிக்கொண்டார். அதைவிட மேலாக, அத்தனை கண்களும் கரும்பலகைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. சிலர் நன்றாகத் தெரிவதற்காக எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன மாயம் பண்ணினீங்க?" என்றார் சிஸ்டர் க்வான்சா, ஊசியை எடுத்தபடியே.

"மாயம் இல்ல சிஸ்டர். கணக்கு. பொறுமையா எடுத்துச் சொன்னா ஜனங்க புரிஞ்சுப்பாங்க."

நாள் முழுக்க எபோ ஊசி அட்டைகளில் முத்திரை குத்தினார். ஒவ்வொரு முத்திரைக்கும் அண்ணன் முகம் வந்து போயிற்று. வெயில் சாயும்போது பெட்டியில் மருந்து தீரும் நிலைக்கு வந்தது. புதன்கிழமை குழி வெட்ட வேண்டியதில்லை. அவருக்கு யாரையாவது கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

கடைசியாக எஜ்யா பாடு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"எஜ்யா," என்றார் எபோ, "என் கரும்பலகையைப் பார்த்தீங்களா? புரிஞ்சுதா?"

"அதைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பா, அரபா கடையை மறைக்குது. ஒரு ஊசி போட்ட ஒன்பது பேரு கெங்கே தின்னு போய்ச் சேர்ந்தாங்க, ரெண்டு ஊசி போட்ட நீ மூணு உருண்டை தின்னுட்டுக் கல்லு மாதிரி நிக்கிறே; ரெண்டாவது ஊசி போட்ட அட்டையைக் காட்டினாத்தான் கெங்கேன்னு அவ கண்டிப்பா சொல்லிட்டா. சீக்கிரம் குத்தச் சொல்லு, மூணு நாளா ரொட்டி தின்னு எனக்கு உயிரே போகுது!"