மச்சான் சுவருக்கு ஒரு செப்பு நிறைகுடம்

சொந்தக் கையால் ஒரு ஸ்டூல் செய்து முடித்த மனிதரிடம் கொஞ்ச நாளைக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நான் செய்த ஸ்டூல் ஆடியது. (ஒரு காலுக்குக் கீழே காகித மட்டையை மடித்து வைத்தேன்.) ஆனாலும் தலைக்கனம் குறையவில்லை.

அந்த நேரம் பார்த்து, என் மனைவி வதனியின் அண்ணன் கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் புதுவீடு கட்டிக் குடிபுகுதலுக்கு நாள் குறித்தார். ரோட்டோரம் முழுக்கப் பித்தளைக் கடைகள் மின்னுகிற ஊர் அது. அங்கேயே ஒரு குத்துவிளக்கு வாங்கிக் கொடுப்போம் என்றாள் வதனி. கலைஞனான எனக்கு அது அவமானமாகப் பட்டது. மச்சானுக்குப் போன் எடுத்து, வாசலுக்கு நேரே இருக்கும் சுவரை வெறுமையாக விடச் சொன்னேன். செப்புத் தகட்டில் நிறைகுடம், தேங்காய் மாவிலையோடு, என் கைவேலை என்றேன். மனுஷன் அன்றைக்கே ஆணி அடித்து, சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியும் விட்டார்.

என்னிடம் இருந்தவை மரவேலைச் சாமான்கள் மட்டும். அவற்றாலேயே செம்பையும் வெட்டலாம் என்று யூடியூபில் ஒருவர் காட்டினார். தகட்டை இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே இறுக்கி, ஜிக்சோ என்கிற மின்வாளால் மூன்றையும் சேர்த்து வெட்ட வேண்டும். அதை எதன்மேல் எப்படி வைப்பது என்று அவர் விளக்கிய பகுதியை நான் தள்ளி ஓட்டிவிட்டேன். ஸ்டூல் செய்தவனுக்கு அதெல்லாம் எதற்கு?

வெளியே கண்டி மழை. வதனி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனதும், சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் வைத்துக் கிளாம்பால் இறுக்கினேன். எங்கள் கலியாணத்துக்கு மச்சான் தந்த தேக்கு மேசை. கீறல் விழக்கூடாது என்று அடியில் பழைய பேப்பர் விரித்தேன். (அவ்வளவு கவனம்.)

ட்ரில்லால் துளை போட்டு வாளை இறக்கினேன். வாள் கத்தியது, திணறியது, புகைந்தது. செம்பு இவ்வளவு வைரமான சாமானா என்று வியந்துகொண்டே வாளை இன்னும் அமத்தினேன். சுற்றி வந்து கடைசி மாவிலை நுனியை வெட்டி முடித்ததும் மேசைக்கு அடியில் தொப்பென்று சத்தம். குனிந்து பார்த்தேன். பிளைவுட்டில் இரண்டு நிறைகுடம், செம்பில் ஒன்று. நாலாவதாக, நல்ல கனமாக, தேக்கில் ஒன்று.

செம்பையாவது காப்பாற்றுவோம் என்று, கரடான விளிம்பைச் சீராக்க மரம் உரஞ்சும் மெஷினை அதன்மேல் ஓட்டினேன். தகடு சூடேறி அப்பளம் மாதிரிச் சுருண்டது.

வதனி வந்தாள். குடையை மடித்தாள். மேசையின் ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அண்ணா ஆணி அடிச்சுப்போட்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறார். இப்ப எதைக் கொண்டுபோய்க் கொழுவப் போறியள்?"

அவள் தேக்குக் குடத்தை எடுத்து, தூசி தட்டி, தேங்காய் எண்ணெய் பூசினாள்.

குடிபுகுதலன்று அது சுவரில் ஏறியது. செம்பு என்றல்லவா சொன்னார்கள் என்று ஒரு மாமி கேட்டார். வீட்டுக்கு மரந்தான் மங்களம் என்று உளறி வைத்தேன். வந்தவர்கள் தடவித் தடவிப் பாராட்டினார்கள். வெட்கமில்லாமல் நானும் தலையாட்டினேன். அப்போதுதான் மச்சான் கிட்ட வந்து உற்றுப் பார்த்தார்.

"அருமையான தேக்கு, மச்சான். எங்கை பிடிச்சனீங்கள்?"

ஓமப் புகையைச் சாட்டி நான் இருமத் தொடங்கினேன். வதனிதான் பதில் சொன்னாள்.

"நீங்கள் தந்ததுதான், அண்ணா. இன்னும் மிச்சம் கிடக்கு."

மச்சானுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்த மேசையில்தான் இன்றைக்கும் சாப்பிடுகிறோம், விரிப்புப் போட்டு. விஷயம் தெரியாத விருந்தாளிகளின் தேநீர்க் கோப்பைகள் சில விரிப்போடு அந்த ஓட்டைக்குள் போயிருக்கின்றன. விஷயம் தெரிந்த சொந்தக்காரரோ, வீடு கட்ட அத்திவாரம் வெட்டியதுமே எங்களிடம் வந்துவிடுகிறார்கள். விரிப்பைத் தூக்கி, தங்களுக்கும் ஒரு குடம் வெட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதிரையில் உட்காருகிறார்கள்.