அவள் பீரோவைப் பிடித்துவைத்த பாதி விலை லாரி

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது.

இன்று காலை ஏழு பன்னிரண்டுக்கு லாரிக்காரன் ஃபோன் செய்தான். மற்றபடி நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் சௌக்கியமா என்று கேட்பது முறை; கேட்டுவிட்டேன்.

உன் மாடி வீட்டுக்குக் குடிவரச் சொல்லி நீ நச்சரித்ததால்தான் சாமான்களை நேற்று ஏற்றினேன். "சார், மத்ததெல்லாம் எறக்கிடறோம். பீரோவுக்கு மட்டும் இன்னொரு மடங்கு கூலி" என்கிறான். தப்பு என்மேல்தான். என் மனைவி இறந்ததிலிருந்து அவள் பீரோவை நான் திறக்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் புத்தி, பேனலில் ஒட்டுகிற பழக்கத்தில் நாலு பக்கமும் சிவப்பு எழுத்தில் "திறக்கக் கூடாது" என்று ஒட்டி அனுப்பினேன். உள்ளே தங்கம் என்று முடிவு கட்டிவிட்டான். லிஃப்ட் கயித்தைத் தடவிப் பாக்காம ஒரு ஆளை ஏத்தமாட்டேன், இவன் பாதி விலை சொன்னதும் பேரைக்கூடக் கேக்கல.

விடறதில்லன்னு கிளம்பினேன். ரசீதுல இருந்த ஆஃபீஸ் விலாசத்துக்குப் போனா, அது சலூன். "வாங்க, உங்களுக்குப் பீரோவா, ஃப்ரிட்ஜா?"ன்னார் சலூன்காரர். "பீரோ." "மொதல்ல உக்காருங்க. இந்தத் தாடியோட போனா இன்னும் ஏறி மிதிப்பான்." வழிச்சுவிட்டு, லாரி நிக்கிற பின்தெருவைக் காட்டினார்.

நேரா லாரியில ஏறி பீரோ பக்கத்துல உக்காந்துட்டேன். "பணமும் தரமாட்டேன், எறங்கவும் மாட்டேன்."

"அப்ப தொறந்து காட்டுங்க."

தொறந்தேன்க்கா. புடவைங்க. அடியில, நான்தான் எங்கயோ தொலைச்சேன்னு அவ சாதிச்ச என் ஆரஞ்சு சட்டை. பிடிக்காம ஒளிச்சு வெச்சிருக்கா.

"இந்தச் சட்டைக்காகவா சார் இவ்ளோ?"

சட்டையை மடிச்சு மறுபடி அடியிலயே வெச்சேன். அவன் தலையைச் சொறிஞ்சான். "மூடுங்க சார், தூசி படியும். எங்க எறக்கணும், சொல்லுங்க"ன்னான்.

அத்தான் கடை மாத்தறப்போ ஜாக்கிரதை. ஆஃபீஸை நேர்ல பாக்காம ஒரு ஸ்பூன்கூட ஏத்தக் கூடாது. கூலியை எழுத்துல வாங்கணும். ரொம்பக் கம்மியாச் சொல்றவனுக்குக் கதவே திறக்காதே.

ஞாயிற்றுக்கிழமை உன் மாடியில் இருப்பேன். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னதுகளுக்கு முத்தம்.

உன் தம்பி

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமையை அடிச்சிடு. எங்க எறக்கணும்னு அவன் கேட்டப்போ என் வாயில பழைய வீட்டு விலாசம்தான் வந்தது. சாமானெல்லாம் திரும்பி வந்தாச்சு, பீரோ அதே சுவரோரம் நிக்குது. வீட்டுக்காரர்கிட்டயும் பேசிட்டேன், காலி பண்ணலை. நீ கத்துவே, தெரியும். ஃபோனை ஆஃப் பண்ணிட்டேன்.