லண்டனில் ஆறரை மணி

அன்று மண்டபத்தில் இருந்தவர்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன்: நான், என் மனைவி ஸரீனா, அச்சகக்கார நஸார் நானா, லண்டனில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்த சலீம் ஹாஜியார், வட்டிலப்பம் சாப்பிட வந்த பதினேழு பேர்.

லண்டன் துப்பறிவாளர் ஹார்ட்டனை வைத்து நான் எழுதிய நாலாவது நாவலின் வெளியீடு. (லண்டனுக்குப் போனதில்லை. புத்தளம் தில்லையடியிலிருந்து கொழும்புக்குப் போவதென்றாலே இரண்டு நாள் பையை அடுக்கி அடுக்கிப் பிரிப்பேன்.) அச்சுக்கூலியில் ஐம்பதாயிரம் பாக்கி. முதற்பிரதியை வாங்கிக்கொண்டு ஹாஜியார் தரும் உறையில் அது இருக்கும் என்று நஸார் நானாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் புத்தகக் கட்டின் மேல் வைத்த கையை எடுக்கவேயில்லை.

மைக் படுத்துவிடுமோ, வட்டிலப்பம் புளித்துவிடுமோ, ஹாஜியார் உட்காரும் கதிரை உடைந்துவிடுமோ என்று ஒரு கிழமை நான் தூங்கவில்லை. கவலைப்படாமல் விட்ட ஒரே விஷயம் சூரியன்.

ஹாஜியார் மேடையில் உறையை எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை, மைக்கைப் பிடித்தார்.

"தம்பி, நீங்க அனுப்பின பிரதிய நேத்தே வாசிச்சிட்டேன். ஜூன் மாசம், பின்னேரம் ஆறரைக்குக் கொலை. கொலைகாரன்ட முகத்தக் கண்டேன்டு பால்காரன் சாட்சி சொல்றான். 'ஆறரைக்கு இருட்டு, நீ பொய் சொல்றாய், நீதான் கொலைகாரன்'டு ஹார்ட்டன் அவனையே மறியல்ல அடைக்கிறார். சரியா?"

"ஓம் ஹாஜியார்." (பெருமையோடுதான் சொன்னேன்.)

"லண்டன்ல ஜூன் மாசம் பொழுதுபட்டு மஃரிப் தொழுறது ஒன்பதரைக்கு. ஆறரைக்கு வெயில் கண்ணக் கூசும். அந்த மனுசன் உண்மையத்தான் சொல்லியிருக்கான்!"

வட்டிலப்பக் கரண்டிகள் நின்றன.

"அப்ப உண்மையான கொலைகாரன்?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"அவன் கடைசிப் பக்கத்துல கலியாணம் முடிக்கிறான்" என்றார் ஹாஜியார்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பூமி சாய்ந்து சுற்றுகிற பாடம் ஒன்பதில் வருமாம். புத்தளத்தில் வருஷம் முழுக்க மஃரிப் ஆறு, ஆறரை அளவில் வந்துவிடும். உலகம் முழுக்க அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

ஹாஜியார் உறையைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்தார். "பால்காரன் வெளிய வரட்டும். அடுத்த நாளே காசு உங்கட கையில."

நஸார் நானா புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

ஐந்தாவது நாவலில் அவனை விடுதலை செய்துவிட்டேன். ஹார்ட்டன் மன்னிப்புக்கூடக் கேட்கிறார். ஆனால், பழைய பாக்கி வராமல் அதை அச்சடிக்க மாட்டேன் என்கிறார் நஸார் நானா. அச்சில் காணாமல் விடுதலையை நம்ப மாட்டேன் என்கிறார் ஹாஜியார். ஜூன் வந்தால், மஃரிப் பாங்கு கேட்டதும், "பாவம் பால்காரன், அவருக்கு அங்க இன்னம் வெயில்" என்பாள் ஸரீனா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பாக்கி இன்றைக்கும் ஐம்பதாயிரம் ரூபாய்.