காசிம் காக்கா கடையில் நான் கண்டுபிடித்த கலப்படம்

சமூகத்தைத் திருத்தத் துடிக்கும் இளைஞன் கையில் அயோடின் சீசாவைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சீசாவைப் பிடித்திருந்ததே நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மலாயாவில் கூலாய் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் சின்னக் கிராணி. பெரிய கிராணி சொல்வதை எழுதும் குமாஸ்தா என்று பொருள். அத்துடன் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு வட்டாரச் செய்திகளும் எழுதி அனுப்புவேன். (அதுவரை அச்சேறியது பாம்பு கடித்த மாடு ஒன்றுதான். மாடு பிழைத்துவிட்டதால் அதையும் சுருக்கிவிட்டார்கள்.)

அந்தச் சமயத்தில் என் தங்கை செல்லம்மாவுக்கு மலேரியா வந்து தாய்ப்பால் நின்றுபோனது. கைக்குழந்தைக்கு எல்லோரையும் போல டின்பாலைக் கரைத்துக் கொடுத்தோம். குழந்தை இளைத்துக்கொண்டே போனது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

“இது டீக்கு ஊத்துற பாலுய்யா! பாதி சீனி. பிள்ளைக்குக் குடுக்கிற பவுடர் பால் தனியா இருக்கு. பாலிலிருந்து தண்ணியை மட்டும் எடுத்துட்டு, கொழுப்பை விட்டு வச்சது. கொதிச்சு ஆறுன தண்ணி, தலை தட்டுன கரண்டி அளவு. மிச்சம் வச்சா வயித்தால போகும். இன்னைக்கே வாங்கிட்டு வா.”

கூலாயில் அந்தப் பவுடர், எல்லோரும் ‘காக்கா’ (அண்ணன்) என்று அழைக்கும் காசிமின் மளிகைக் கடையில் மட்டும்தான் கிடைக்கும். அன்று சாயங்காலத்துக்குள் குழந்தைக்குப் பால் வேண்டும். வேலை அவ்வளவுதான். வேறொருவன் என்றால் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பான். நானோ, பால் பவுடரில் சில வியாபாரிகள் மாவு கலக்கிறார்கள் என்று எங்கேயோ படித்திருந்தேன். மாவு இருந்தால் அயோடின் பட்டதும் நீலமாகும். டிரஸ்ஸரிடம் கெஞ்சி ஒரு சீசா வாங்கிக்கொண்டேன். வண்ணான் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். உண்மையைக் கண்டுபிடிக்கப் போகிறவன் கசங்கிய சட்டையோடு போகலாமா?

ஞாயிற்றுக்கிழமை. சுற்றுப்பட்ட தோட்டத்துச் சனமெல்லாம் கடைத்தெருவில் இருந்தது. காக்கா ஒரு டின்னை எடுத்துக் கொடுத்ததும் அங்கேயே மூடியைத் திறந்தேன்.

“என்னா தம்பி, இங்கேயே குடிக்கப் போறீங்களா?”

“சோதனை காக்கா. விஞ்ஞானம்.”

பக்கத்துக் காப்பிக் கடையில் கண்ணாடி கிளாஸும் வெந்நீரும் வாங்கிப் பவுடரைக் கலக்கினேன். கட்டி கட்டியாக நின்றது. கோட்டுப் பையிலிருந்து சலவைக் கைக்குட்டையை எடுத்து, அதில் ஊற்றிப் பிழிந்து வடிகட்டினேன். சூட்டில் சோதனை சரியாக வராது என்பதால் ஆறும்வரை சுற்றி நின்றவர்களுக்குக் கலப்படத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். கூட்டம் சேர்ந்தது. பிறகு அயோடினைச் சொட்டினேன்.

பால் நீலமானது!

குழந்தைக்கு இனிப் பாலுக்கு எங்கே போவது என்ற கவலை எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைப்புதான் வந்தது. ‘கூலாயில் பயங்கர மோசடி! நமது நிருபரின் துணிகரச் சோதனை!’ காப்பிக் கடை பெஞ்சில் தாவி ஏறி, கிளாஸைத் தூக்கிக் காட்டினேன்.

“பாருங்கள் ஜனங்களே! பச்சைக் குழந்தையின் வயிற்றில் மாவைக் கொட்டுகிறார்கள்!”

“அடப் பாவி மனுசா!” என்றாள் ஒரு அம்மாள். “நேத்துதானே என் பேரனுக்கு வாங்கிட்டுப் போனேன்!”

“போலீசைக் கூப்பிடுங்கய்யா!” என்றார் இன்னொருவர்.

காக்கா கல்லாவை விட்டு எழவில்லை. அது என்னை மேலும் உசுப்பிவிட்டது. அடுத்த வாக்கியத்துக்குக் கையை ஓங்கி வீசினேன். சீசாவிலிருந்த அயோடின் முழுவதும் என் கோட்டில் கொட்டியது.

தோள் முதல் இடுப்பு வரை மை கொட்டியதுபோல நீலம். அந்தப் பக்கமாக வந்த மலாய்க் காவலர் “அலமாக்!” (அடடா!) என்று வாயைப் பிளந்து நின்றுவிட்டார்.

காக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார். “தம்பி, இந்தக் கோட்டு எந்த டின்னுல வாங்குனது? அதுலயும் கலப்படமா இருக்கே!”

தெருவே சிரித்தது. நான் கோட்டைப் பார்த்தேன். கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வண்ணான், ஒரே சோற்றுக் கஞ்சி. வெந்நீரில் அதைக் கரைத்துப் பாலில் கலந்த மகா மோசடிக்காரன் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தான்.

காக்கா எழுந்து வந்து இன்னொரு கிளாஸில் பவுடரைக் கலக்கி, ஆற வைத்து, சீசாவில் ஒட்டியிருந்த மிச்ச அயோடினை விட்டார். லேசான மஞ்சள். அவ்வளவுதான்.

மெதுவாக இறங்கப் பார்த்தேன். “எங்க போறீங்க? ஏறுன பெஞ்சுலயே நின்னு இப்ப நல்லதையும் சொல்லிட்டு எறங்குங்க லா” என்றார். “சொல்லாம உங்களுக்குப் பவுடர் கிடையாது.”

வீட்டில் குழந்தை பசியோடு இருக்கிறது. சொன்னேன். ஆரம்பத்தில் முணுமுணுப்பாகத்தான். ஆனால் ஒரு கூட்டம் வாய் திறந்து கேட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். அசல் பால்! தண்ணீரை மட்டும் எடுத்தது! கொழுப்பு அப்படியே! சீனி போட்டு ஏமாற்றாதது! டிரஸ்ஸர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாத சிலவற்றையும் சொன்னேன்.

ஜனங்கள் கடைக்குள் பாய்ந்தார்கள். பேரனுக்கு வாங்கிய அம்மாள் இன்னும் இரண்டு டின் எடுத்தாள். பிள்ளை குட்டி இல்லாத ஒரு பிரம்மச்சாரிக் கங்காணி, “நமக்கும் உடம்புல தெம்பு வேணுமில்ல” என்று மூன்றைக் கட்டிக்கொண்டார். காவலரும் ஒன்று வாங்கினார். நான் பெஞ்சிலிருந்து இறங்கும்போது அலமாரி காலி.

“காக்கா, எனக்கு?”

“வித்துப் போச்சே தம்பி. நீங்கதானே வித்தீங்க!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்லம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? காக்கா கல்லாவுக்கு அடியிலிருந்து நான் திறந்த டின்னை எடுத்து வைத்தார். மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது.

“நீங்க பிரசங்கம் பண்ணப் போனதுமே மூடி எடுத்து வச்சுட்டேன். தெருப் புழுதி, ஈ, எதுவும் படலை. பச்சப்புள்ளை சாப்பாட்டைத் திறந்து போட்டுட்டுப் போறீங்களே, இதுதான் உங்க விஞ்ஞானமா?”

நீலக் கோட்டோடு சைக்கிளை மிதித்தேன். செல்லம்மா காய்ச்சலோடு வாசலில் நின்றிருந்தாள்.

“என்னாண்ணே இது, பால் வாங்கப் போனியா, சாயம் வாங்கப் போனியா?” என்றவள், நான் அடுப்புப் பக்கம் போனதும் டின்னைப் பிடுங்கிக்கொண்டாள். “நீ தொடாதே. தள்ளி நில்லு.” தானே தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, அளந்து கலக்கிக் கொடுத்தாள். குழந்தை கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிட்டு உடனே தூங்கிப் போனது. பல நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அழுகை இல்லாத மாலை.

செய்தி பத்திரிகைக்குப் போகவில்லை. காசிம் காக்கா மட்டும் என்னை விடவில்லை. புதுச் சரக்கு இறங்கும் போதெல்லாம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவார்: “கிராணியை வந்து ஒரு தடவை சரக்கைத் திட்டிட்டுப் போகச் சொன்னாரு காக்கா.”

அந்தக் கதை எப்படியோ வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. செல்லம்மா வீட்டில் இப்போதும் உப்புமா மிஞ்சினால், “அண்ணனைக் கூப்பிடுங்க. ஏறி நின்னு நாலு வார்த்தை திட்டட்டும், சட்டி காலியாயிடும்” என்பாள். நான் திட்டுவேன். முதல் தட்டை நீட்டுபவன், அன்று அந்தப் பாலைக் குடித்து இன்று ஆறடி வளர்ந்து நிற்கும் அந்த மருமகன்தான்.