கனடாவுக்கு ஓடும் வாழ்க்கைக் குறிப்பு

மூன்றாவது தடவையும் கம்ப்யூட்டர் கத்தத் தொடங்கியது. கீ... கொர்ர்... கீய்ய்...

“நான் ஒண்டும் செய்யேல்லை!” தம்பித்துரை இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

“பின்னை ஏன் கத்துது?” குசினியிலிருந்து சுந்தரேஸ்வரி கேட்டாள்.

“லேபன்ஸ்லவுஃபைத் திறந்தனான். அவ்வளவுதான். தாள் எழுதிற சாமானுக்கு இண்டர்நெட்டிலை என்ன அலுவல்?”

சுந்தரேஸ்வரி ஈரக்கையோடு ஓடிவந்து தொலைபேசியைத் தூக்கிக் காதில் வைத்தாள். உள்ளேயும் அதே கீய்ய். கம்ப்யூட்டர் இணையத்துக்குப் போனால் வீட்டில் தொலைபேசி செத்துவிடும். இரண்டுக்கும் ஒரே கம்பி.

“ஐயோ, இப்ப அந்தப் பொம்பிளை எடுத்தாளெண்டால்?”

அந்தப் பொம்பிளை என்பது சலவைத் தொழிற்சாலையின் ஆளணிப் பிரிவில் இருக்கும் ஃபிராவ் லெம்கே. மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. பலர் விண்ணப்பித்திருந்தார்கள். வியாழக்கிழமை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஒரே ஒருவரைத்தான் வீட்டுத் தொலைபேசியில் அழைப்போம் என்று அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அழைப்பு வந்தவர் வெள்ளி காலை தன் வாழ்க்கைக் குறிப்பை, அதாவது லேபன்ஸ்லவுஃபை, அச்சடித்துக்கொண்டு வரவேண்டும்.

இன்று வியாழன். நேரம் இரண்டேகால்.

தம்பித்துரைக்கு அந்த இடம் வேண்டும். பதினேழு வருடம் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு தூக்கியவர். காய்ந்த விரிப்பு ஒரு பாரமில்லை. நனைந்த விரிப்பு நூறைத் தூக்கிப் பார்த்தவனுக்குத்தான் முதுகெலும்பு என்ற ஒன்று இருப்பது தெரியும். டாக்டர் போன மாதம் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, முதுகு இன்னும் இரண்டு வருடம்தான் தாங்கும் என்றிருந்தார்.

“வயரைக் கழட்டிவிடுங்கோவன்!” என்றாள் சுந்தரேஸ்வரி. அவளும் அதே தொழிற்சாலைதான். மடிக்கும் பக்கம், பதினொரு வருடம்.

அவர் மேசைக்கு அடியில் தவழ்ந்து ஒரு வயரைப் பிடுங்கினார். கத்தல் நின்றது. அவள் தொலைபேசியைத் தூக்கினாள். கீய்ய் இல்லை. எந்தச் சத்தமுமே இல்லை.

“சுவரிலை இருக்கிறதைப் பிடுங்கிப்போட்டியள்!”

“நீர்தானே பிடுங்கச் சொன்னீர்!”

திரும்பச் செருகினார். கம்ப்யூட்டர் உற்சாகமாகக் கத்தியது.

அவர் மேல்மாடிக்கு ஓடி நரசிம்மனைக் கூட்டிவந்தார். நரசிம்மன் சென்னைக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர். அன்று தற்செயலாக லீவு.

“சார், டோன்ட் வொரி. இது ரொம்ப காமன்,” என்று நரசிம்மன் உட்கார்ந்தார். “ஆபீஸ் சாஃப்ட்வேர் தானா வெளிய போகும். ஹெல்ப் பக்கத்தைத் தேடப் போகும். புது வெர்ஷன் இருக்கான்னு கேக்கப் போகும். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டா போதும்.”

ஒவ்வொன்றாக அணைத்தார். உதவியை அணைத்தார். புதுப்பிப்பை அணைத்தார். திரை மூலையில் கண்சிமிட்டிய பொம்மையையும் அணைத்தார். லேபன்ஸ்லவுஃபைத் திறந்தார்.

கீ... கொர்ர்... கீய்ய்.

நரசிம்மனின் முகம் கொஞ்சம் மாறியது. “ஃபயர்வால் போடணும் சார். கேக்காம எதையும் வெளிய விடாது.”

“போடுங்கோ தம்பி.”

“அதை இண்டர்நெட்லதான் டவுன்லோட் பண்ணணும்.”

“எவ்வளவு நேரம்?”

“இந்த லைன்ல... முப்பத்தஞ்சு நிமிஷம்.”

இண்டர்நெட்டுக்குப் போவதைத் தடுக்க முப்பத்தைந்து நிமிடம் இண்டர்நெட்டில் இருந்தார்கள். சுந்தரேஸ்வரி தொலைபேசிக்கு முன்னால் நின்று மணிக்கூட்டைப் பார்த்தாள், தூக்கினாள், வைத்தாள். தன் விஷயத்தில் இவள் இவ்வளவு துடிப்பாள் என்று தம்பித்துரை நினைத்ததே இல்லை.

ஃபயர்வால் வந்து குந்தியது. வந்ததும் அது செய்த முதல் வேலை, தனக்குப் புதிய வடிவம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கத் தானே இண்டர்நெட்டுக்கு ஓடியதுதான்.

“காவலுக்கு வைச்சவனே முதல் ஆளாய் வெளிக்கிட்டிட்டான்,” என்றார் தம்பித்துரை.

பிறகு, இந்த நிரலை வெளியே விடலாமா என்று ஒரு பெட்டி கேட்டது. இல்லை என்று அழுத்தினார்கள். திரும்பக் கேட்டது. ஏழாவது தடவை இல்லை என்றதும் திரை அப்படியே உறைந்தது. ஃபயர்வாலைப் பிடுங்கி எறிந்து, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பியபோது நேரம் நான்கு.

“விண்டோஸை ஃபுல்லா அழிச்சிட்டு மறுபடி போட்டா...” என்று நரசிம்மன் தொடங்கினார்.

“எழும்புங்கோ தம்பி,” என்றார் தம்பித்துரை. மரியாதையாகத்தான் சொன்னார். “ஒருக்கா நான் இருந்து பாக்கிறன்.”

அவர் முதலில் ஒரு வெறும் தாளைத் திறந்தார். சத்தம் இல்லை. இன்னொன்று. அதுவும் சத்தமில்லை.

“மிஷினிலை பிழையில்லை. உள்ளுக்குப் போட்ட உடுப்பிலைதான் பிழை.”

“புரியலை சார்.”

“வெள்ளை விரிப்பெல்லாம் பச்சையாய் வருதெண்டால் எங்கேயோ ஒரு சாயச்சீலை ஒளிச்சிருக்கு. ஐந்நூறு சீலையையும் விரிச்சுப் பாப்பியளே? இரண்டாய்ப் பிரிச்சு ஒரு பாதியைத் தோய்ச்சுப் பாக்கிறது. சாயம் விட்ட பாதியைத் திரும்ப இரண்டாய்ப் பிரிக்கிறது. ஒன்பதாந் தரம் கள்ளன் கையிலை நிப்பான்.”

இதைச் சொல்லித்தரப் பல்கலைக்கழகத்தில் நரசிம்மனுக்கு ஒரு பருவம் எடுத்திருந்தது.

தம்பித்துரை லேபன்ஸ்லவுஃபின் பிரதி ஒன்றை எடுத்து அடிப்பாதியை வெட்டினார். திறந்தார். கத்தியது. கத்தலை நிறுத்தி, மிச்சத்தில் பாதியை வெட்டினார். கத்தியது. ஜெர்மனியில் செய்த வேலையெல்லாம் போயிற்று. படிப்புப் போயிற்று. பிறந்த ஊர் போயிற்று. கடைசியில் தன் பெயரையும் வெட்டினார்.

எழுத்தே இல்லாத தாள் கத்தியது.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையில் மூக்கு முட்டக் குனிந்தார். உச்சியில், நடுவில், இலையான் பூச்சி பீச்சியது போல ஒரு புள்ளி. அதைப் பிடித்து இழுத்தார். புள்ளி பெருத்தது. தும்பிக்கை தெரிந்தது. மோதகமும் தெரிந்தது.

“பிள்ளையார்!” என்றார் நரசிம்மன்.

“நான்தான் வைச்சனான்,” என்றாள் சுந்தரேஸ்வரி. “போன கிழமை. பிள்ளையார் இல்லாமல் ஆரும் நல்ல காரியத்துக்கு எழுதுவினமே? வெள்ளைக்காரர் கண்டால் என்னெண்டு கேப்பினம், அதுதான் கடுகளவாய்ச் சுருக்கினனான்.”

“எங்க இருந்து எடுத்தீங்க அக்கா?”

“கனடாக் கோயில் ஒண்டின்ரை இண்டர்நெட் பக்கத்திலை இருந்து.”

நரசிம்மன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “படம் இந்தத் தாள்ல இல்லவே இல்லை சார். அட்ரஸ் மட்டும்தான் இருக்கு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சாஃப்ட்வேர் கனடா போய் பிள்ளையாரைக் கூட்டிட்டு வருது!”

தம்பித்துரை கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையாலேயே பிள்ளையாரை அழித்தார். வெட்டாமல் வைத்திருந்த முழு லேபன்ஸ்லவுஃபிலும் அழித்துவிட்டுத் திறந்தார். அறை அமைதியாக இருந்தது.

“சார், நீங்க எங்க கம்பெனிக்கே வந்துடுங்க,” என்றார் நரசிம்மன். கேலியில்லை. மனதாரத்தான் சொன்னார்.

தம்பித்துரைக்கு அது கேட்கவில்லை. அவர் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்காண்டியே இவ்வளவும் செய்தனீர்?”

சுந்தரேஸ்வரி மணிக்கூட்டைப் பார்த்தாள். “கதையை விட்டிட்டுப் போனை ஒழுங்காய் வையுங்கோ.”

வைத்தார். ஐந்துக்கு எட்டு நிமிடம் இருக்கையில் மணி அடித்தது. தம்பித்துரை சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு எடுத்தார்.

“இரண்டு மணியிலிருந்து முயற்சிக்கிறேன், ஹெர் தம்பித்துரை!” ஃபிராவ் லெம்கேயின் ஜெர்மன் மொழி அறை முழுவதும் கேட்டது.

“மன்னிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் சின்னக் கோளாறு. நானே திருத்திவிட்டேன்,” என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

“பரவாயில்லை, உங்கள் மனைவியிடம் தொலைபேசியைக் கொடுங்கள், விண்ணப்பத்தில் ‘ஆட்களை வழிநடத்திய அனுபவம்’ என்ற இடத்தில் அவர் உங்கள் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு, வேறு யாரையும் அழைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.”